பூரண குணம்

மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி மேலவெளி வீதிப் பக்கம் நடந்தால், யாராவது ஒருவர் கையில் துண்டுச் சீட்டைத் திணித்துவிட்டுப் போவார். வாங்கியவர்கள் பத்தடி தள்ளிப் போய்க் கசக்கி எறிவார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு சீட்டை நான் கசக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மாதத்தில் இன்னின்ன தேதிகளில், இன்ன லாட்ஜில், இன்ன அறையில் பரம்பரை வைத்தியரைச் சந்திக்கலாம். கீழே பட்டியல்: நரம்புத் தளர்ச்சி, மூலம், கைப்பழக்கம், குடிப்பழக்கம், ஓரினச்சேர்க்கைப் பழக்கம். அதற்கும் கீழே தடித்த எழுத்தில் இரண்டு சொற்கள்: பூரண குணம்.

மூலத்துக்கும் காதலுக்கும் ஒரே லேகியமா என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தச் சீட்டை எழுதியவருக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்திருக்கிறது. ‘பழக்கம்’ என்று போட்டுவிட்டால் அது இடையில் வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று. வந்தது போகும், குடி போல, புகையிலை போல. ‘குணம்’ அதைவிடக் கெட்டிக்காரச் சொல். காய்ச்சல் விட்டால் குணமாகிவிட்டது என்கிறோம். ஒருவருடைய இயல்பையும் குணம் என்றுதான் சொல்கிறோம். பூரண குணம் என்றால் நோயும் தீரும், பிள்ளையின் இயல்பும் திருந்தும். ஒரே விலைக்கு இரண்டு வாக்குறுதி. வாசிக்கிற அப்பா அம்மா எதைத் தேடி வந்தார்களோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

இதைத்தான் உலகம் ‘கன்வர்ஷன் தெரபி’ என்கிறது. தன்பாலினத்தவர் மேல் ஈர்ப்புள்ளவரை எதிர்பாலினத்தின் பக்கம் ‘திருப்புவது’. திருநங்கையையும் திருநம்பியையும் பிறந்தபோது எழுதப்பட்ட பாலினத்துக்கே ‘திருப்பி அனுப்புவது’. கருவிகள் ஊருக்கு ஊர் வேறு. ஓரிடத்தில் மாத்திரை, ஓரிடத்தில் மின்சாரம், ஓரிடத்தில் ஜெபம், ஓரிடத்தில் வேப்பிலை. நம் பக்கத்தில் மிகப் பழைய கருவி கல்யாணம். “ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிரும்” என்பார்கள். கட்டப்படுவது இரண்டு பேருடைய கால் என்பது அந்த வாக்கியத்தில் தெரியாது.

மதுரையில் மனநல மருத்துவராக இருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார்: இந்த விஷயமாக வருகிற பெற்றோர் யாரும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. “கொஞ்சம் சரி பண்ணி விட்ருங்க டாக்டர், நிச்சயம் பண்ணப் போறோம்” என்பார்கள். “எதைம்மா சரி பண்ணணும்?” என்று அவர் திருப்பிக் கேட்டால் அந்த அம்மா கணவரைப் பார்ப்பார், கணவர் மின்விசிறியைப் பார்ப்பார். அந்த மௌனத்தில்தான் விஷயம் இருக்கிறது. பெயரில்லாத ஒன்றுக்கு வைத்தியம் கேட்கிறார்கள். பெயரைச் சொன்னால் அது நோய்ப் பட்டியலில் இல்லை என்பது தெரிந்துவிடும்.

பட்டியலிலிருந்து அது போன கதையே சொற்களின் கதைதான். ‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல்லை 1869ல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் கார்ல் மரியா கெர்ட்பெனி என்ற எழுத்தாளர். பிரஷ்யாவின் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து எழுதிய துண்டுப் பிரசுரத்தில், இவர்களைத் தண்டிக்காதே என்று வாதாடத்தான் அந்தச் சொல்லை உருவாக்கினார். 1886ல் ரிச்சர்ட் வான் கிராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் மனப் பிறழ்வுகள் பற்றி எழுதிய நூல் அந்தச் சொல்லை மருத்துவத்துக்குள் இழுத்துக்கொண்டது. வழக்காடப் பிறந்த சொல் ஒரே தலைமுறையில் வியாதியின் பெயராகிவிட்டது. அதன்பின் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள், நோய் என்று பெயர் இருந்ததால் சிகிச்சை நடந்தது. சிகிச்சை நடந்ததால் அது நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊர் நம்பியது.

அந்த வட்டத்தை உடைத்தவர்களில் ஒருவர் ஈவ்லின் ஹூக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர். 1957ல் வெளியான அவருடைய ஆய்வு எளிமையானது. தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர், எதிர்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர். எல்லோருக்கும் மைப்புள்ளிச் சோதனை உள்ளிட்ட மனநலச் சோதனைகள். பெயர் இல்லாத விடைத்தாள்களை அத்துறையின் பெரிய நிபுணர்களிடம் கொடுத்து, யார் எந்தப் பிரிவு என்று பிரிக்கச் சொன்னார். முடியவில்லை. மன ஆரோக்கியத்திலும் இரண்டு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதுவரை மருத்துவர்கள் பார்த்ததெல்லாம் தங்களிடம் நோயாளிகளாக வந்தவர்களை மட்டும். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்களை வைத்து ஊரின் ஆரோக்கியத்தைக் கணக்கிட்ட கதை அது.

1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் பூரண குணம் என்று அப்போது கேலி பேசினார்கள். கேலி செய்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள், ஏனென்றால் நோய் பின்வாசல் வழியாக வேறு பெயரில் திரும்பி வந்தது. தன் பாலீர்ப்பு தனக்கே ஒவ்வாமல் வருந்துகிறவர் என்று ஒரு தனிப் பிரிவு. 1987 வரை அமெரிக்கப் பட்டியலில் அது தனிப் பிரிவாகவே நீடித்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ல் தன்பாலீர்ப்பை நீக்கிய பிறகும் அதன் பட்டியலில் இந்த ஒவ்வாமைப் பிரிவு இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில்தான் முழுதாகப் போனது.

இடைப்பட்ட அந்த 30க்கும் மேற்பட்ட ஆண்டுகளில் இந்திய மருத்துவர்கள் பலருக்கு இந்தச் சின்னப் பிரிவுதான் குடை. ‘இதை நாங்கள் நோய் என்று சொல்லவில்லை, அவருக்கே பிடிக்கவில்லை, அதனால் உதவுகிறோம்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெருவே கல்லெறியும்போது ஒருவனுக்குத் தன்னைப் பிடிக்காமல் போவதில் அதிசயம் என்ன? கல்லை நிறுத்தாமல் அவன் தோலை உரிக்கிற ஏற்பாடு அது. டெல்லியின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் இத்தகைய சிகிச்சை தரப்பட்டதாக 2001ல் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் புகார் போனது. ஆணையம் அதை விசாரணைக்கே எடுக்கவில்லை. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவு, இயற்கைக்கு மாறானது என்ற தன் சொல்லோடு அப்போது உயிரோடு இருந்தது. அந்தச் சொல்லுக்குப் பல்லைப் பிடுங்க 2018 செப்டம்பர் 6 வரை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, இது பலிக்கிறதா? பலித்தால் பெயர் எப்படி இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கர்ட் ஃப்ராய்ண்ட் என்ற செக் நாட்டு மருத்துவர் 1950களில் இதைச் செய்தே பார்த்தவர். ஆண்களின் படத்தைக் காட்டும்போது குமட்டல் மருந்து, பெண்களின் படத்தைக் காட்டும்போது ஹார்மோன். ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார். ஈர்ப்பு மாறவில்லை. நேர்மையானவர், தோல்வியைத் தோல்வி என்றே எழுதினார். தன்பாலுறவைக் குற்றமாக்கிய தன் நாட்டுச் சட்டத்துக்கு எதிராகவும் குரல் கொடுத்தார். 1961ல் செக்கோஸ்லோவாக்கியா அதைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது. அவர் கண்டது உளவியலின் பாலபாடம்தான். வலியையும் குமட்டலையும் கொடுத்து ஒன்றின் மேல் பயத்தை உண்டாக்கலாம். இன்னொன்றின் மேல் ஆசையை உண்டாக்க முடியாது.

ராபர்ட் ஸ்பிட்சர் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் கதை இன்னும் விசித்திரம். 1973ல் பட்டியலிலிருந்து நீக்க முன்நின்றவரே அவர். 2003ல் அவரே, சிலர் முயன்றால் மாற முடியும்போலத் தெரிகிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். உலகெங்கும் மாற்று வியாபாரிகள் அதைத் தலையில் தூக்கி ஆடினார்கள். ஆய்வு என்ன? 200 பேரிடம் தொலைபேசியில் பேட்டி. மாறினீர்களா என்று கேட்டார், மாறினோம் என்றார்கள். ஒப்பிட வேறொரு குழு இல்லை. அவர்கள் சொன்னதைச் சரிபார்க்க வழியும் இல்லை. பேட்டி கொடுத்தவர்களில் பலர் அத்தகைய அமைப்புகள் வழியாகவே வந்தவர்கள். கோயில் வாசலில் நின்று வேண்டுதல் பலித்ததா என்று கேட்டால் என்ன பதில் வரும்? பலிக்காதவர்கள் அந்த வாசலில் நிற்க மாட்டார்களே. 2012ல் ஸ்பிட்சர் தன் முடிவு தவறு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவருக்கு அப்போது கிட்டத்தட்ட 80 வயது. அமெரிக்க உளவியல் சங்கம் நியமித்த குழு 2009லேயே இருக்கிற ஆய்வுகளையெல்லாம் அலசி, ஈர்ப்பை மாற்ற முடியும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தக் குழு ‘தெரபி’ என்ற சொல்லையே தவிர்த்து ‘மாற்ற முயற்சிகள்’ என்று எழுதியதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். இப்படி முயற்சிக்கப்பட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எங்கள் சித்தப்பா மகனுக்கு இடது கை. திருமங்கலத்தில் வீடு. அவன் இடது கையால் இட்லியைத் தொட்டால் அப்பத்தா கரண்டிக் காம்பால் ஒன்று வைக்கும். “பீச்சாங்கையில திங்கிற, வெளங்குமாடா?” என்று கூடவே ஒரு பாட்டு. வலது கைக்கு எங்கள் ஊரில் சோத்துக்கை என்று பெயர். பெயரிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது, பிறகு கரண்டி எதற்கு? அவன் வலது கையால் சாப்பிடப் பழகினான். அப்பத்தா எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னது. இன்று அவனுக்கு 46 வயது. பஸ்ஸில் திடீரென்று பிரேக் போட்டால் கம்பியை எட்டிப் பிடிப்பது இடது கைதான். உலகில் பத்துப் பேரில் ஒருவர் இப்படி. அடக்கிவைப்பது வேறு, மாறுவது வேறு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021ல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே மாற்றுதல், அடக்குதல் என்ற இரண்டு சொற்களும் உண்டு. சிகிச்சை என்ற சொல் இல்லை.

பிறவியா, வளர்ப்பா என்ற கேள்வி இங்கே எப்போதும் குறுக்கே வரும். சுமார் 4.77 லட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019ல் வெளியான ஆய்வு, இதற்கென்று ஒற்றை மரபணு இல்லை என்றது. உடனே சிலர், பார்த்தீர்களா, பிறவியில்லை, ஆகவே மாற்றலாம் என்றார்கள். நம் தாய்மொழி எந்த மரபணுவில் இருக்கிறது? மதுரைக்காரனுக்கு மின்சாரம் வைத்துத் தமிழை மறக்கடித்துப் பாருங்கள்.

2021ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி, வீட்டு எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்குப் போனார்கள். இருவரும் வயது வந்தவர்கள். இரண்டு வீட்டாரும் புகார் கொடுக்க, ‘பெண் காணவில்லை’ என்று முதல் தகவல் அறிக்கைகள் பதிவாயின. காவல்துறையினர் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கே போய் விசாரித்தார்கள். நேரில் பார்த்துப் பேசிய பிறகும் ஏட்டில் அவர்கள் காணாமல் போனவர்கள்தான். பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் செய்தது நம் நீதிமன்றங்களில் அபூர்வம். தனக்கு இந்த விஷயம் போதுமான அளவு தெரியாது என்று பதிவு செய்துவிட்டு, வித்யா தினகரன் என்ற உளவியலாளரிடம் மாணவரைப் போல உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். 2021 ஜூன் 7ல் வந்த உத்தரவு, பாலீர்ப்பை மருத்துவ வழியில் குணப்படுத்தவோ மாற்றவோ முயல்வதைத் தடை செய்தது. முயல்கிற மருத்துவரின் உரிமத்தைப் பறிப்பது வரை நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அந்த வழக்கு அதோடு நிற்கவில்லை. சொற்களின் பக்கம் திரும்பியது. இவர்களைக் குறிக்கக் காவல் நிலையமும் பத்திரிகையும் என்ன சொல்லைப் பயன்படுத்துவது என்ற கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது. குயர் சென்னை க்ரானிக்கிள்ஸ், ஓரினம் போன்ற குழுக்கள் ஏற்கெனவே சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தன. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஒரு சொற்களஞ்சியத்தை அரசிதழில் வெளியிட்டது.

‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல் ஏன் போக வேண்டும் என்று எனக்கு முதலில் புரியவில்லை. நானே பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். ‘சேர்க்கை’ என்பது ஒரு செயல். ஆளையும், அவர் யாரை நினைத்து இரவில் தூங்காமல் கிடக்கிறார் என்பதையும் தள்ளிவிட்டுக் கட்டிலை மட்டும் காட்டுகிறது அந்தச் சொல். செயல் என்றால் நிறுத்தச் சொல்லலாம். கேரளத்தைச் சேர்ந்த ஒரு மாணவி, தன் பாலீர்ப்பின் காரணமாகத் தன்னைப் போதை மறுவாழ்வு மையத்தில் அடைத்து மருந்து கொடுத்தார்கள் என்று 2020ல் சொல்லிவிட்டு, சில வாரங்களில் உயிரை விட்டார். பழக்கம் என்ற சொல் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் அதுதான். ‘தன்பாலீர்ப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். ஈர்ப்பு, பள்ளிக்கூடத்தில் புவிக்குப் படித்த அதே ஈர்ப்பு. அதை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. (ஓரினம் என்ற பாதியை மட்டும் பார்த்தால் குற்றமில்லை, நாம் எல்லோரும் ஓர் இனம்தானே என்ற பொருளும் அதில் இருக்கிறது.)

மதுரையில் இந்தச் சொல் வேலை இதற்கும் முன்பே தொடங்கியது. ஸ்ருஷ்டி மதுரை அமைப்பை நிறுவிய கோபி ஷங்கர் 2014ல் ‘மறைக்கப்பட்ட பக்கங்கள்’ என்ற நூலில் பாலினச் சொற்களுக்குத் தமிழ் தேடினார். அந்த அமைப்பு 2012 ஜூலையில் மதுரையில் நடத்திய விழாவுக்கு ஆலன் டூரிங் பெயர். கணினி அறிவியலின் முன்னோடிக்கும் மதுரைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அவருடைய அப்பா சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி, அம்மாவின் அப்பா மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். ஆனால் விழாவுக்குக் காரணம் அதுவல்ல. 1952ல் தன்பாலுறவுக் குற்றத்துக்காக டூரிங்குக்கு முன்னால் சிறை, ஹார்மோன் என்று இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. ஹார்மோனுக்கு ஒப்புக்கொண்டார். உடலில் பெண் ஹார்மோனை ஏற்றி ஆசையை அவித்த அந்தத் தண்டனைக்கு நீதிமன்ற ஏட்டில் பெயர், சிகிச்சை. இரண்டே ஆண்டில் இறந்துபோனார்.

தமிழுக்கென்று தனியாக ஒரு பொறியும் இருக்கிறது: ‘மாற்று’. மாற்று மருத்துவம் என்றால் அலோபதி அல்லாதது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை என்றால் சிறுநீரகம் வைப்பது. பாலின மாற்றுச் சிகிச்சை என்றால் திருநங்கையும் திருநம்பியும் தாங்களே கேட்டுச் செய்துகொள்வது. அவர்களுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேயே தனிப்பிரிவு உண்டு. இப்போது கன்வர்ஷன் தெரபியை ஒரு துணையாசிரியர் அவசரத்தில் தமிழாக்குகிறார்: ‘பாலின மாற்றுச் சிகிச்சைக்குத் தடை’. காலையில் டீக்கடையில் வாசிக்கிறவருக்கு என்ன புரியும்? கேட்டவருக்குக் கிடைக்க வேண்டியதும், கேட்காதவர் மேல் திணிக்கப்படுவதும் ஒரே தலைப்பில் படுத்திருக்கின்றன. நான் ‘கட்டாய மாற்ற முயற்சி’ என்று எழுதுகிறேன். அழகான சொல் இல்லை. ஆனால் பொய் சொல்லாது.

இதே தந்திரம் பச்சைக் குழந்தைகளிடமும் நடந்திருக்கிறது. ஊடுபால் (இன்டர்செக்ஸ்) உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு ‘சீரமைப்பு’ அறுவை. சீர் கெட்டிருந்தது என்று யார் சொன்னது? ஒத்தக்கடை அருகே, யானைமலை பார்த்திருக்க நிற்கிற உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22ல் அதைத் தடை செய்யச் சொன்னார். திருநங்கை ஒருவரின் திருமணப் பதிவு வழக்கு அது. ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்றது அதே தீர்ப்பு. அந்த ஆகஸ்டிலேயே அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர அத்தகைய அறுவை கூடாது.

தீர்ப்பு வந்தாலும் சொல் சாவதில்லை. உயர் நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பிறகு மருத்துவப் பாடநூல்களின் இழிவான பகுதிகளைத் திருத்தச் சொல்லித் தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் அறிவுறுத்தியது. 2024 ஆகஸ்ட் இறுதியில் அதே ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில், தடயவியல் பகுதியில், பெண்களின் தன்பாலுறவு ‘இயற்கைக்கு மாறான குற்றங்கள்’ என்ற தலைப்பின் கீழ் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். யாரோ பழைய கோப்பைத் திறந்து ஒட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். பழைய கோப்புகள் நம் எல்லோருடைய தலையிலும் இருக்கின்றன.

2022 ஆகஸ்டில் ஆணையம் எல்லா மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கும் எழுதிய கடிதப்படி, கன்வர்ஷன் தெரபி செய்வது மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். லாட்ஜ் அறைக்கும், மந்திரிக்கிறவருக்கும், கால்கட்டுக்கும் அந்தக் கடிதம் பொருந்தாது. இதற்கென்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் இல்லை.

உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏதோ ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள், எதிரே இருப்பவர் “சரி பண்ணிரலாம், கவலைப்படாதீங்க” என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேளுங்கள். நோயின் பெயரைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சைப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையைச் சிகிச்சை பெறுகிறவருக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் பிள்ளை அதைக் கேட்கலாம். அவர் பேனாவைத் திறக்கிறாரா என்று பாருங்கள்.